24 அடி சாய்தளம்: கல்வராயன் மலையில் ஒரு புது வீடும் வாசப்படியின் கதையும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்கோட ஆரம்பிக்கலாம். பேனா எல்லாம் வேண்டாம், மனக்கணக்கு போதும்.

ஒரு வீடு. 360 சதுர அடி. 18 அடிக்கு 20 அடின்னு வச்சுக்கோங்க. தரையிலிருந்து பேஸ்மட்டம் 2 அடி உயரம். வாசல்ல மூணு படி. சக்கர நாற்காலியில வர்ற ஒருத்தர், யாரும் தூக்காம, தானே தள்ளிக்கிட்டு உள்ளே போகணும். சாய்தளம் எவ்வளவு நீளம் வேணும்?

உலகம் முழுக்கப் புழங்குற அளவு, 1 அடி ஏறுறதுக்கு 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தா இருந்தா கையால தள்ளி ஏற முடியாது, இறங்கும்போது வண்டி ஓடிடும். அப்போ 2 அடிக்கு 24 அடி. மேலே கதவுக்கு முன்னாடி நின்னு திரும்ப 5 அடி சமதளம். மொத்தம் 29 அடி. வீட்டோட நீளமே 20 அடிதான்!

இந்த 360 சதுர அடி நான் சும்மா சொன்ன எண் இல்ல. தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு அது. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. பழைய குடிசைகள் இருந்த இடத்தில் கான்கிரீட் வீடுகள் எழும்புகின்றன. நல்ல விஷயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனா 8 லட்சம் வீடுன்னா 8 லட்சம் வாசல். அந்த வாசல்கள் ஒரு தடவை கட்டினா இன்னும் நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு அப்படியேதான் இருக்கும். அந்த வாசல் எப்படி இருக்கணும்னு சட்டம் எப்போ, எங்கே, யாரால யோசிக்க ஆரம்பிச்சது? அதுதான் இன்னிக்குக் கதை. கதை நடக்கிற இடம், கள்ளக்குறிச்சி. நடுவுல அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வருவோம்.

கள்ளக்குறிச்சின்னா உங்கள்ல நிறைய பேருக்கு 2024 ஜூன்தான் ஞாபகம் வரும். நகரத்துக்குள்ளேயே கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மெத்தனால் உடம்புக்குள்ள போனா முதல்ல தாக்குறதுல ஒண்ணு கண் நரம்பு. பிழைத்தவர்களிலும் பார்வை பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். இறந்தவங்க எண்ணிக்கை செய்தியில தினமும் வந்தது. பிழைச்சவங்க எந்த மாதிரி வீட்டுக்குத் திரும்பிப் போனாங்கன்னு யாரும் கேட்கல. காலையில கண்ணு தெரிஞ்ச ஒருத்தர், மறுநாள் தெரியாம அதே வீட்டுக்குள்ள வர்றார். வீடு மாறல. படி அங்கேயேதான் இருக்கு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமை பற்றித் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று அரசைக் கேள்விமேல் கேள்வி கேட்டது. அப்போதுதான் பலருக்கு அந்த மலையின் வரலாறே தெரிந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலை ஏறத் தொடங்குகிறது. மேலே வெள்ளிமலை, கரியாலூர். மலையின் மறுபக்கம் சேலம் மாவட்டம். அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளாவுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. இந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகிர்களாக இருந்தது: சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர். வெள்ளைக்காரன் போனான், ஜமீன்தாரி ஒழிப்பு வந்தது, ஆனால் இந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976-ல்தான். நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து. விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.

அதனால் இங்கே அரசு கட்டிக்கொடுத்த வீடு என்பதே ஒரு தலைமுறை விஷயம். 1985-ல் மத்திய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் ஆரம்பித்தது. ஊர்ல இதைத் தொகுப்பு வீடுன்னு சொல்வாங்க, காலனி வீடுன்னும் சொல்வாங்க. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் 300 சதுர அடியில் பசுமை வீடு. 2016-லிருந்து பிரதமர் வீடு திட்டம், குறைந்தது 25 சதுர மீட்டர். இப்போது கனவு இல்லம். ஆட்சி மாறியது, பெயர் மாறியது, சதுர அடியும் மாறியது. படி மட்டும் அப்படியே இருந்தது.

படியைத் திட்டுறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு நியாயம் சொல்லிடணும். பேஸ்மட்டம் ஏத்துறதுக்குக் காரணம் இருக்கு. மழைத் தண்ணி, பாம்பு, கரையான். அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒரு காரணம், ரோடு! பழைய தாரைச் சுரண்டாமலேயே மேலே மேலே போட்டுப் போட்டு ரோடு உயரும், வீடு பள்ளத்துக்குப் போகும். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுசு போட வேண்டும் என்று உத்தரவே போட வேண்டியிருந்தது. இதெல்லாம் பார்த்த ஜனங்க, வீடு கட்டும்போதே ரெண்டு அடி ஏத்திடுறாங்க. கொஞ்சம் கௌரவமும் அதில் சேர்ந்திருக்கு. படி ஏறிப் போற வீடுதான் வீடு.

பழைய குடிசைதான் நல்லா இருந்ததுன்னும் நான் சொல்ல வரல. குடிசையில தரை மண்ணோட மண்ணா இருக்கும், ஆனா கூரை தாழ்ந்து இருக்கும். குனிஞ்சு, சில வீட்டுல கிட்டத்தட்டத் தவழ்ந்துதான் உள்ளே போகணும். முதுகு வலி இருக்கிறவங்களுக்கு அது இன்னொரு தண்டனை.

எங்க ஆயா வீடு சின்னசேலம் பக்கம் ஒரு கிராமத்தில். மலை இல்ல, சமவெளி. ஓட்டு வீட்டை இடிச்சுட்டு மாமா கான்கிரீட் வீடு கட்டினார். மூணு படி. ஆயாவுக்குப் பெருமைன்னா பெருமை, போற வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டு உள்ளே காட்டும். ரெண்டு வருஷத்துல கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வாக்கர் வச்சு ஹால்ல நடக்கும். வாசல் வரைக்கும் வரும். அங்கே நின்னுடும். கக்கூஸ் கொல்லைப்பக்கம், அதுக்கு ரெண்டு படி இறங்கணும்; அதனால ஹால் மூலையில ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில ஓட்டை போட்டு, கீழே பக்கெட். பக்கத்துத் தெருவுல ஒரு கல்யாணம், ரெண்டு பேரு நாற்காலியோட தூக்கிட்டுப் போனோம். "என்னைய மூட்டை மாதிரி தூக்காதீங்கடா"ன்னு சொன்னது. அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தது. வாசல் தாண்டல. அந்தத் தெருவுல ஆயாவை விட வயசானவங்க அஞ்சாறு பேர் இருந்தாங்க, அவங்களும் அவங்கவங்க படிக்கு மேலயே இருந்தாங்க. ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக முடியாது. சத்தமா கூப்பிட்டுப் பேசிக்குவாங்க.

இப்போ அமெரிக்கா.

ரொனால்ட் மேஸ், 1941-ல் பிறந்தவர். ஒன்பது வயதில் போலியோ. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலை படிக்கப் போனார். வகுப்புக்கு அவரை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போவார்கள். கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. கட்டிடம் கட்டக் கத்துக்கொடுக்கிற கட்டிடத்துக்குள்ளேயே அவரால போக முடியல. 1966-ல் பட்டம் வாங்கினார். 70-களில் அவருடைய மாநிலம் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டிட விதிகளைக் கொண்டு வந்தபோது அதில் அவர் உழைப்பு இருந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் செல்வின் கோல்ட்ஸ்மித், இவரும் கட்டிடக் கலைஞர், இவருக்கும் போலியோ. 1963-ல் உடல் ஊனமுற்றோருக்கான வடிவமைப்பு பற்றி முதல் பெரிய கையேட்டை எழுதினார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் நடைபாதை விளிம்பை உடைத்துச் சாய்வாக்கப் போராடிய எட் ராபர்ட்ஸும் அப்படித்தான். இந்தத் துறையின் தொடக்ககாலப் பெயர்களைப் பார்த்தால் போலியோ ஒரு தலைமுறை முழுக்க நிற்கிறது. தடுப்பூசி வருவதற்கு முன்னால் நோய் வந்து, பிழைத்து, படித்து, கோபப்பட்ட தலைமுறை அது.

மேஸின் ஆரம்பகால வேலை 'தடையற்ற' கட்டிடம் பற்றியது. அதாவது, பொதுக் கட்டிடத்தில் பின்பக்கம் ஒரு சாய்தளம், தனி லிஃப்ட், தனிக் கழிப்பறை. சில வருஷத்தில் அவருக்கே அது போதவில்லை. தனியாக வைத்தால் அசிங்கமாக இருக்கும், செலவு கூடும், பூட்டு போட்டு வைப்பார்கள். (நம்ம ஊர்ல அந்த அறையில துடைப்பமும் பக்கெட்டும் இருக்கும், பார்த்திருப்பீங்க.) 1985-ல் ஒரு வடிவமைப்புப் பத்திரிகையில் அவர் வேறு ஒரு சொல்லை வைத்தார்: யுனிவர்சல் டிசைன். அனைவருக்குமான வடிவமைப்பு. யாருக்கும் தனியாகச் செய்யாமல், எல்லோரும் பயன்படுத்துகிற ஒரே வாசல், ஒரே கதவு, முடிந்தவரை எல்லோருக்கும் ஒத்துவருகிற மாதிரி முதலிலேயே போடுவது.

1988-ல் அமெரிக்கா தன் வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தியது. 1991 மார்ச் 13-க்குப் பிறகு முதல்முறை குடியேறும், நான்கு அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள அடுக்குமாடிகளுக்கெல்லாம் விதி. லிஃப்ட் இருந்தால் எல்லா வீடும், இல்லாவிட்டால் தரைத்தளத்து வீடு எல்லாம். அதில் எனக்குப் பிடித்த ஒன்று: குளியலறையில் கைப்பிடிக் கம்பி இப்போதே வைக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னாடி வைத்தால் தாங்குகிற மாதிரி சுவரை இப்போதே பலப்படுத்தி வை. அவங்க ஊர்ல மரச்சட்டமும் அட்டையும் வச்ச சுவர், அதனால அது பெரிய விஷயம். நம்ம செங்கல் சுவருக்கு இந்த வேலையே இல்ல.

ஆனால் அந்தச் சட்டம் ஒரு பெரிய பகுதியை விட்டுவிட்டது. தனி வீடுகள். அமெரிக்கர்களில் பெரும்பாலானோர் வாழ்வது தனி வீட்டில்தான். நம்ம கிராமம் மாதிரியே.

இங்கே வருகிறார் எலினார் ஸ்மித். அட்லாண்டா நகரம். இவருக்கும் சின்ன வயதில் போலியோ. 80-களின் நடுவில் ஒருநாள் காரில் போகும்போது, ஏழைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் வரிசையாகக் கட்டியிருந்த புது வீடுகளைப் பார்க்கிறார். எல்லா வாசலிலும் படி. அவருக்குத் தோன்றியது எளிமையான ஒன்று: இதில் மாற்றுத்திறனாளிக்கு எத்தனை வீடு என்று ஏன் கேட்கிறோம்? எல்லா வீட்டுக்கும் நான் விருந்தாளியாகப் போக முடிய வேண்டாமா? 1987-ல் ஒரு சின்னக் குழு ஆரம்பித்தார். மூணே மூணு கோரிக்கை. படியில்லாத ஒரு வாசல், முன்பக்கமோ பின்பக்கமோ எதுவானாலும் சரி. உள்ளே எல்லாக் கதவும் 32 அங்குலம் திறந்திருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் உள்ளே நுழைய முடிகிற ஒரு கழிப்பறை. அவ்வளவுதான். சமையல் மேடையின் உயரமோ சுவிட்ச் இருக்கும் இடமோ அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தச் சுருக்கம்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறேன். நூறு கேட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. 1992-ல் அட்லாண்டா நகரம் சட்டம் போட்டது: நகரத்தின் உதவி வாங்கிக் கட்டுகிற தனி வீடுகள் அடிப்படை அணுகல் வசதியோடு இருக்க வேண்டும். கவனிங்க, நகரத்தின் உதவி வாங்கினால். பொதுப் பணம் போகிற வீடு பொதுவில் யாரும் வரக்கூடிய வீடாக இருக்கணும், அந்தத் தர்க்கம். பத்து வருஷம் கழித்து அரிசோனாவில் பீமா என்கிற கவுண்டி இன்னும் ஒரு படி மேலே போய், உதவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் புதுத் தனி வீடு எல்லாவற்றுக்கும் அந்த விதி என்றது. வீடு கட்டி விற்பவர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். இங்கிலாந்து 1999-லேயே புது வீடுகள் அனைத்துக்கும் கட்டிட விதியில் இதைச் சேர்த்துவிட்டது. அங்கே வீட்டு வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1995 டிசம்பரில் டெல்லியில் மாற்றுத்திறனாளிகள் பேரணி போய், அதே மாதம் முதல் சட்டம் நிறைவேறியது. பொருளாதார வசதி இருக்கிற வரைக்கும் என்று ஒரு வாலை ஒட்டிவிட்டார்கள், அதனால் கட்டிடங்கள் பெரிதாக மாறவில்லை. 2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தார். குதுப் மினார் உட்பட அவர் பார்க்க விரும்பிய இடங்களில் அவசர அவசரமாக மரச் சாய்தளம் போட்டார்கள். இத்தனை நாள் முடியாதுன்னு சொன்னது, ஒரு விஐபி வந்தா ஒரே நாளில் முடியுது!

2006-ல் ஐ.நா. உடன்படிக்கை. அதன் 9-வது பிரிவு அணுகல் பற்றிப் பேசும்போது சாலை, பள்ளி, மருத்துவமனையோடு வீட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2016-ல் புதுச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமல். வீட்டைப் பொறுத்தவரை இதில் இரண்டு இடம் முக்கியம். அரசின் வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு, பெண்களுக்கு முன்னுரிமை. இன்னொன்று 44-வது பிரிவு: மத்திய அரசு வகுக்கும் விதிக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் கட்டிட அனுமதி கிடையாது.

கேட்கப் பலமாக இருக்கிறது. ஆனால் அந்த 'விதி' எங்கே? 2017-ல் விதியென்று எழுதியபோது, 2016-ல் வந்த ஒரு வழிகாட்டுதலைப் பின்பற்றுங்கள் என்று கை காட்டிவிட்டார்கள். வழிகாட்டுதல் முழுக்கச் செய்யலாம், செய்தால் நல்லது என்கிற மொழி. ராஜீவ் ரதூரி என்கிற பார்வையற்ற ஒருவர் 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு 2024 நவம்பர் 8-ல் இந்த முடிச்சுக்கு வந்து சேர்ந்தது. சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னது, சட்டம் கட்டாயம் என்கிறது, விதி பரிந்துரை என்கிறது, இது சட்டத்துக்கே முரண், அந்த விதி செல்லாது. விட்டுக்கொடுக்க முடியாதவை எவை என்று தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் கட்டாய விதி எழுதுங்கள். 19 வருஷத்து வழக்கு, ஒரு 'லாம்'-ஐ 'வேண்டும்' ஆக்குறதுக்கு.

2016-ல் அந்த வழிகாட்டுதலின் தலைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்குமான தடையற்ற சூழல் என்பதாக இருந்தது. 2021-ல் அதைத் திருத்தியபோது தலைப்பு 'அனைவருக்குமான அணுகல்' என்று மாறியது. மேஸ் பத்து, பதினைந்து வருஷத்தில் நடந்த தூரத்தை நம்ம அரசாங்கக் காகிதம் ஒரு அட்டைப்படத்தில் நடந்துவிட்டது. சரி, உள்ளே?

உள்ளே நம்ம 360 சதுர அடி வீட்டைத் தேடிப் பாருங்க. 44-வது பிரிவு 'நிறுவனம்' என்கிறது. அரசு அலுவலகம், கம்பெனி, சங்கம், அறக்கட்டளை எல்லாம் அதில் வரும். வெள்ளிமலைப் பக்கம் தன் சொந்த மனையில் அரசு தவணைப் பணத்தில் தானே வீடு கட்டிக்கொள்கிற ஒரு குடும்பம் நிறுவனம் இல்லை. நகரத்திலும் இதே கதைதான். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்டுபவர்கள் ஆன்லைனில் சுயசான்று கொடுத்து உடனே அனுமதி வாங்கலாம். லஞ்சம் குறையும், அலைச்சல் குறையும், நான் வரவேற்கிறேன். ஆனா வாசப்படியைப் பத்தி உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்க வாய்ப்பிருந்த ஒரே இடம் அந்தப் படிவம்தான்.

மிச்சம் இருப்பது 5 சதவீதம். இது ஆளுக்கான ஒதுக்கீடு. வீடு மாறவில்லை. நூறு வீட்டில் ஐந்து மாற்றுத்திறனாளிக் குடும்பங்களுக்குப் போகும், அந்த ஐந்திலும் அதே இரண்டரை அடிக் கழிப்பறைக் கதவு இருந்தால் என்ன பயன்? சரி, அந்த ஐந்தை மட்டும் மாற்றிக் கட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 95 வீட்டுக்கு அவர் துக்கம் விசாரிக்கப் போக முடியாது, பொண்ணு பார்க்கப் போக முடியாது. அந்த 95-ல் யாருக்கு நாளைக்குப் பக்கவாதம் வரும், யார் பைக்கில் விழுவார், யாருக்குச் சர்க்கரையால் கால் எடுப்பார்கள் என்று பயனாளி பட்டியல் தயாரிக்கும்போது தெரியாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான அரசு மதிப்பீடு 13.6. இன்னிக்கு 35 வயசுல கனவு இல்லம் வாங்குறவர் அந்த வீட்டிலேயே 70 ஆவார்.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்தத் தலைப்பில் பேசுற எல்லாரும் "சாய்தளம் இருந்தா தள்ளுவண்டிக்கும் வசதி, சூட்கேஸ் இழுக்கவும் வசதி"ன்னு ஒரு வாதம் வைப்பாங்க. கேஸ் சிலிண்டர், நெல் மூட்டைன்னு நானும் அடுக்கலாம். உண்மைதான். ஆனா எனக்கு அந்த வாதம் பிடிக்காது. ஒருத்தர் தன் வீட்டுக்குள்ள போறதுக்குச் சிலிண்டர் வந்து சிபாரிசு பண்ணணுமா?

சரி, தனி வீடு வரைக்கும் ஒரு கட்டிட விதி போய்ச் சேருமா? கிராமத்துல இதெல்லாம் நடக்குமா? நடந்திருக்கு, இங்கேயே. 2003-ல் தமிழ்நாட்டில் கடும் வறட்சி. ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டு, எல்லாக் கட்டிடத்திலும், பழையது புதியது இரண்டிலும், மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கெடு தேதி வைத்தார்கள். கொத்தனாரிலிருந்து கலெக்டர் வரை எல்லோரும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். எல்லாரும் ஒழுங்காக் கட்டல, குழாயைச் சும்மா மண்ணுக்குள்ள சொருகினவங்க உண்டு. ஆனால் இன்று வரை வீடு கட்டும்போது மேஸ்திரியே கேட்கிறார், மழைநீர்த் தொட்டி எங்கே வைக்கிறதுன்னு. 2011-ல் பசுமை வீடு வந்தபோது மழைநீர் சேகரிப்பும் சூரிய விளக்கும் அதன் மாதிரி வரைபடத்திலேயே இருந்தன. ஒரு வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் லட்சம் வீட்டில் அது மாறும். அட்லாண்டாவுக்குப் போய்த் தேட வேண்டியதே இல்லை.

மலையில இதெல்லாம் எப்படிங்கறது அடுத்த கேள்வி. சமவெளியிலேயே 24 அடி சாய்தளம்னா, சரிவுல? இந்த எபிசோடுக்காக மேலே போனப்போ, வீடு கட்டிக்கிட்டிருந்த ஒரு மேஸ்திரிகிட்ட இதைத்தான் கேட்டேன். அஸ்திவாரம் முடிஞ்சு பேஸ்மட்டம் எழும்பிக்கிட்டிருந்தது. மனை சரிவு. கீழ்ப்பக்கம் ரோடு, அதனால வாசலும் கீழ்ப்பக்கம். கீழ்ப்பக்கம் பேஸ்மட்டம் மூணு அடிக்கு மேல நிக்குது. நான் சுத்தி வந்து பின்பக்கம் பார்த்தா, மேட்டுப்பக்கம் மண்ணும் வீட்டுத் தரையும் ஒரு ஜாண் வித்தியாசம்தான்.

"அண்ணா, வாசல் இந்தப் பக்கம் வச்சா படியே வேணாம்ல?"

"படி வேணாம் தம்பி. ஆனா மேட்டுத் தண்ணி நேரா வீட்டுக்குள்ள வரும்ல? இங்க வாய்க்கா எடுத்து ரெண்டு பக்கமும் வளைச்சு உடணும். வாய்க்கா மேல ஒரு ஸ்லாப் போட்டா நடந்துக்கலாம்."

அவர் சொன்னது அப்படியே எலினார் ஸ்மித்தின் ஆட்கள் கட்டுமானக்காரர்களிடம் வாதாடிய விஷயம். சாய்தளத்தை வீட்டில் ஒட்டவைக்காதே. மண்ணின் மட்டத்தைப் பயன்படுத்து, வாசலை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய். சரிவு நிலத்தில் வீட்டின் ஏதாவது ஒரு பக்கம் மண்ணுக்கு நெருக்கமாகத்தான் இருக்கும். கான்கிரீட் சமவெளித் தெருவில் 24 அடி தேட வேண்டிய இடத்தில், மலை அந்த உயரத்தைச் சும்மா கொடுக்கிறது. செலவு, ஒரு வாய்க்காலும் ஒரு ஸ்லாப்பும். ஆனால் அஸ்திவாரத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

ரோட்டிலிருந்து அந்த மேட்டுப்பக்க வாசலுக்கு வண்டி போற பாதை வேணும், அது மழையில சேறாகும், சும்மா வாசலை மட்டும் மாத்தினா போதாது, இதையும் அவரே சொன்னார். பல ஊர்களுக்கு ரோடே ஒழுங்காக இல்லாத மலையில் இது சின்னப் பிரச்சினை இல்லை. மூன்றரை லட்சத்தில் ஜல்லி, மணல், கம்பி எல்லாம் கீழேயிருந்து ஏற வேண்டும், ஏற்றுக்கூலி தனி. பயனாளி ஏற்கனவே கையிலிருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர்கிட்ட போய் இன்னும் ஒரு வாய்க்கால் தோண்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்தப் பணம் திட்டத்திலிருந்து வரணும், வரைபடத்தோட சேர்ந்து.

கழிப்பறைக்குப் போனோம். வீட்டுக்கு ஒட்டினாப்பல தனியா எழுப்பியிருந்தாங்க. கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி. உள்ளே ஒருத்தர் விழுந்தா, அவர் உடம்பே கதவை அடைச்சுக்கும், வெளியேயிருந்து திறக்க முடியாது. இதுக்கு ஒரு ரூபாய் செலவில்லை, கீல் வைக்கிற பக்கத்தை மாத்தினா போதும். சொன்னதும் அவருக்குப் புரிஞ்சது. "வெளிப்பக்கம் தொறந்தா மழை அடிக்கும், பிவிசி கதவுதான, ஒண்ணும் ஆவாது, மாத்திடலாம்"னார்.

அப்புறம் அகலம் கேட்டேன். மூணு அடி வைக்க முடியுமா?

சுவத்துல சாத்தி வச்சிருந்த நிலையைக் காட்டினார். இரண்டரை அடி. ஏழு வீட்டுக்குச் சேர்த்து மொத்தமா கீழேயிருந்து வாங்கி ஏத்திட்டாங்களாம், போன வாரம்.